ஒரு நகரம் மஞ்சள் கடுதாசி கொடுத்த கதை

நம் ஊர்க் கடைத்தெருவில் ஒரு வணிகர் நொடித்துப் போனால், "அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்று சொல்வது வழக்கம். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கத் தம்மால் இயலாது என்று அவர் நீதிமன்றத்தில் மனுச் செய்துகொண்டார் என்பது அதன் பொருள். அதன் பின்னர்க் கடன் கொடுத்தவர்கள் திரண்டு வருவார்கள். சரக்கு, வீடு, நிலம் எல்லாம் ஏலத்துக்கு வரும். ரூபாய்க்கு நாலணாவோ எட்டணாவோ, கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு அவரவர் வீடு திரும்புவர். தனி மனிதர் விஷயத்தில் இது நமக்கு எளிதில் விளங்குகிறது. ஆனால் ஒரு நகரமே மஞ்சள் கடுதாசி கொடுத்தால் என்ன ஆகும்? நீதிமன்ற அமீனா வந்து தெருவிளக்கைக் கழற்றிக்கொண்டு போக முடியுமா? குடிதண்ணீர்க் குழாயை ஏலம் விட முடியுமா? விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்வி, 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள், அமெரிக்காவின் ஒரு சிறு நகரில் மெய்யாகவே எழுந்தது.

பொது நிதியியல் பாடத்துக்காக நகராட்சிகளின் வரவு செலவு பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அந்நகரின் வரலாறு என் பார்வையில் பட்டது. வரவு செலவுத் திட்டம் என்றாலே கொட்டாவி விடும் நண்பர்கள் சிலர் நம் கல்லூரியில் உண்டு. அவர்களும் சற்றுப் பொறுத்துக் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

அமெரிக்க மாநிலங்களுள் பரப்பில் மிகச் சிறியது ரோட் ஐலண்டு. அந்தச் சிறிய மாநிலத்திலும் மிகச் சிறிய நகரம் சென்ட்ரல் ஃபால்ஸ். அதன் பரப்பு சுமார் 3.3 சதுர கிலோமீட்டர்தான். விரைந்து நடப்பவர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அரைமணி நேரத்தில் போய்விடலாம். 2010-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் 19,376 பேர். நம் நாட்டில் இதைப் பேரூராட்சி என்போம். பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூரில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சாக்லேட் ஆலை இருந்ததாம். அதனால் 'சாக்லேட்டூர்' என்ற பொருள்படும் பெயரும் இதற்கு வழங்கியது. பக்கத்து ஊரான பாட்டக்கெட்டில்தான் 1793-இல் ஸ்லேட்டர் ஆலை எழுந்தது. அமெரிக்காவில் எந்திரத்தால் பருத்தி நூற்பதை வெற்றிகரமாகச் செய்த முதல் ஆலை அது. ஆற்றங்கரை நெடுகிலும் ஆலைகள் பெருகின. அயல்நாடுகளிலிருந்து தொழிலாளர்கள் வந்து குடியேறினர். 1895-இல் சென்ட்ரல் ஃபால்ஸ் தனி நகரம் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டில் நெசவாலைகள் தென் மாநிலங்களை நாடிச் சென்றன. ஆலைகள் போயின, மக்கள் போகவில்லை. இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து புதியவர்கள் வந்தார்கள். கூலி குறைவு, குடித்தனமோ நெருக்கம்.

அமெரிக்க நகரங்களுக்கு முதன்மையான சொந்த வருவாய் சொத்து வரிதான். வீடு, கடை, ஆலை ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிட்டு அதன்மேல் வரி விதிப்பார்கள். மதிப்பு மிக்க சொத்து ஊரில் இருந்தால் குறைந்த வரி விகிதத்திலேயே நிறையப் பணம் வரும். ஏழை ஊரில் விகிதத்தை எவ்வளவு ஏற்றினாலும் பணம் கொஞ்சமாகத்தான் வரும். ஏற்ற ஏற்ற வசதி உள்ளவர்கள் பக்கத்து ஊருக்குக் குடி போய்விடுவார்கள். சென்ட்ரல் ஃபால்ஸ் நகரில் விரிவாக்கத்துக்கு நிலமும் இல்லை. 1991-ஆம் ஆண்டிலேயே இந்நகரத்தால் பள்ளிகளை நடத்த முடியாமற்போய், மாநில அரசு அவற்றைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. மற்ற நகரங்கள் தம் வரிப் பணத்தில் பெரும்பகுதியைப் பள்ளிகளுக்குச் செலவிடும் மாநிலத்தில், அச்சுமை நீங்கிய பிறகும் ஒரு நகரம் நொடித்தது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

வருவாய்க்கு வேறு வழி தேடிய நகரம் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது; வேதனையானதும் கூட. 1993-இல் அங்கு வயட் என்னும் பெயரில் ஒரு சிறைச்சாலை திறக்கப்பட்டது. நகரத்தின் சார்பிலான ஒரு கழகம் அதற்கு உரிமை. மத்திய அரசு அனுப்பும் கைதிகளைத் தலைக்கு, நாளைக்கு இவ்வளவு என்று கட்டணம் பெற்றுக் காவலில் வைப்பது. அதில் மிஞ்சும் பணத்தில் நகரத்துக்கும் பங்கு தருவது என்பது ஏற்பாடு. விடுதி அறைகள் நிறைந்தால்தான் விடுதிக்காரருக்கு இலாபம். சிறை அறைகள் நிறைந்தால்தான் நகரத்துக்கு இலாபம்! 2008-இல் அங்குக் காவலில் இருந்த குடியேற்றக் கைதி ஒருவர் தகுந்த மருத்துவக் கவனிப்பின்றி இறந்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்ததும், மத்தியக் குடியேற்றத் துறை தன் கைதிகளை அங்கிருந்து அகற்றிக்கொண்டது. அறைகள் காலியாயின, நகரம் எதிர்பார்த்த வருமானமும் நின்றது.

இனிச் செலவுக்கு வருவோம். இவ்வளவு சிறிய ஊருக்கும் தனிக் காவல்துறை, தனித் தீயணைப்புப் படை. தமிழ்நாட்டில் இவ்விரண்டும் மாநில அரசின் துறைகள். அங்கே நகரத்தின் தலையில். காவலரும் தீயணைப்பு வீரரும் சங்கம் வைத்து நகரத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்வர். ஒப்பந்தக் காலம் முடியும்போது சம்பள உயர்வு கேட்பார்கள். கையில் பணம் இல்லாத நகரத்தலைவர்கள் என்ன சொல்வார்கள்? "சம்பளம் இப்போது ஏற்ற முடியாது; ஓய்வு பெற்ற பின் நல்ல ஓய்வூதியமும் ஆயுள்வரை மருத்துவ வசதியும் தருகிறோம்" என்பார்கள். இருதரப்பும் கைகுலுக்கிப் பிரியும். அவ்வாண்டுக் கணக்கில் ஒரு காசும் ஏறாது. வரவும் செலவும் சமம் என்று நகரவையில் படிக்கப்படும்.

நம் விடுதியையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நம் உணவு விடுதி 'டிவைடிங்' முறையில் நடப்பது: மாதம் முழுதும் ஆன செலவைத் தலைக்கு இத்தனை என்று வகுத்துவிடுவார்கள். ஒரு குறும்புக்காரச் செயலாளர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மளிகைக் கடைக்காரரிடம் பாதிச் சரக்கைப் பாக்கிக்கு எடுத்துக்கொள்கிறார். பட்டியலைக் கணக்கில் சேர்க்காமல் மேசை இழுப்பறையில் வைத்துவிடுகிறார். அவர் காலத்தில் சாப்பாட்டுக் கட்டணம் குறைவு. வாரம் இருமுறை முட்டை. எல்லாரும் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவார்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் தாம் உண்ணாத முட்டைக்குப் பணம் கட்டுவார்கள். சென்ட்ரல் ஃபால்ஸ் நகரில் நடந்தது இதுவே. ஓர் ஆண்டுக்குப் பதிலாகப் பல பத்தாண்டுகள் நடந்தது என்பதுதான் வேறுபாடு.

இதற்குச் சரியான முறை ஒன்று உண்டு. வாக்குறுதி கொடுத்த அன்றே அதற்காகப் பணத்தை ஒதுக்கி முதலீடு செய்துகொண்டே வர வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்து 1,000 டாலர் கொடுக்க வேண்டியிருந்தால், ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி கிடைக்கும் என்று கொண்டால், இன்று 258 டாலர் எடுத்து வைத்தால் போதும். கூட்டு வட்டி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் வட்டி 4 விழுக்காடுதான் கிடைக்கும் என்றால் இன்று 456 டாலர் வேண்டும். வட்டி பற்றிய நம் ஊகத்தைச் சற்று மாற்றினாலே கடன் ஏறக்குறைய இருமடங்காகி விடுவதைக் காணலாம். இலாபத்தை மிகையாக ஊகிக்கும் நகரம் தன் கடனைக் குறைத்துக் காட்டிக்கொள்ளலாம். ஊகத்தின்படி எடுத்து வைக்க வேண்டிய தொகையையும் எடுத்து வைக்காத நகரம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்து வைத்ததற்கும் வைத்திருக்க வேண்டியதற்கும் இடையிலுள்ள பள்ளத்தைத்தான் நிதி ஒதுக்கப்படாத பொறுப்பு என்று கணக்காளர்கள் கூறுவர்.

இப்பிரச்சினை நமக்குப் புதியதன்று. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவரப்பட்டதும், அதன்மேல் நடந்த போராட்டங்களும் நம் பேராசிரியப் பெருமக்கள் என்னைவிட நன்றாக அறிந்தவை. ஓய்வூதியம் கேட்பது பேராசை என்று எண்ணுபவன் அல்லன் நான். வாங்காத சம்பளமே ஓய்வூதியம். அதைக் கொடுப்பதாகச் சொன்னவர் அன்றே எடுத்து வைத்தாரா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

சென்ட்ரல் ஃபால்ஸ் எடுத்து வைக்கவில்லை. 2008-இல் அமெரிக்க வீட்டுக்கடன் சந்தை சரிந்தது. கடன் கட்டாத வீடுகள் வங்கிகளால் பறிமுதல் செய்யப்பட்டன. வரி வருவாய் குன்றியது. மாநில அரசும் தன் நெருக்கடியைச் சமாளிக்க, நகரங்களுக்குத் தந்துவந்த உதவித் தொகையைக் குறைத்தது. மேலிருந்து வரும் தண்ணீர் குறைந்தால் கடைமடைதானே முதலில் காயும்? 2010 மே மாதத்தில் நகரம் தானாகவே நீதிமன்றத்தை அணுகியது. அடுத்த மாதமே மாநில அரசு ஒரு சட்டம் இயற்றி, தானே ஒரு ரிசீவரை நியமிக்க வகை செய்துகொண்டது. ஓய்வு பெற்ற நீதிபதி மார்க் ஃபைஃபர் முதலில் வந்தார். மக்கள் தேர்ந்தெடுத்த மேயரின் அதிகாரம் பறிபோய், அவர் ஆலோசனை சொல்பவர் என்ற நிலைக்கு இறங்கினார். பக்கத்து நகரமான பாட்டக்கெட்டுடன் இந்நகரத்தை இணைத்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. பாட்டக்கெட்டோ தன் பாட்டுக்கே திண்டாடிக்கொண்டிருந்தது.

2011-இல் மாநில உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ராபர்ட் ஃபிளாண்டர்ஸ் ரிசீவராகப் பொறுப்பேற்றார். அப்போது வெளிப்பட்ட கணக்குதான் இவ்வரலாற்றின் மையம். நகரத்தின் ஆண்டு வரவு செலவு சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர். ஓய்வு பெற்றவர்களுக்கும் பெறப்போகிறவர்களுக்கும் வாக்களித்து, பணம் ஒதுக்காமல் விட்ட தொகை சுமார் 8 கோடி டாலர். கைக்குழந்தை உட்பட நகரத்தில் உள்ள ஒவ்வொருவர் தலையிலும் 4,100 டாலருக்கு மேல்! ஓய்வூதிய நிதியில் இருந்த பணம் அந்த ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் தீர்ந்துவிடும் என்று கணக்கிட்டார்கள்.

செலவைக் குறைக்கும் கத்தி முதலில் எங்கே விழும் என்பதை நம்மில் யாரும் ஊகிக்கலாம். 2011 ஜூலையில் ஆடம்ஸ் நூலகத்தை மூடினார்கள். சமூகக் கூடத்தையும் மூடினார்கள். நூலகம் நகரத்தைத் திவாலாக்கவில்லை. அதை மூடியதால் நகரம் பிழைத்துவிடவும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் இல்லாத செலவு, சங்கம் இல்லாத செலவு, வழக்குப் போட ஆள் இல்லாத செலவு எது என்று தேடினால் அங்கே நூலகந்தான் நிற்கும். ஊர்மக்கள் தாமே தொண்டர்களாக வந்து அதைச் சில மணி நேரமாவது மீண்டும் திறந்து வைத்தார்கள் என்று படித்தபோது மனம் நெகிழ்ந்தது.

அதே ஜூலையில் ஃபிளாண்டர்ஸ் ஓய்வு பெற்ற காவலர்களையும் தீயணைப்பு வீரர்களையும் கூட்டி, ஓய்வூதியத்தில் பாதி வரை விட்டுக்கொடுக்குமாறு கேட்டார். மறுத்தால் திவால் மனுதான் என்றும் சொன்னார். அவர்கள் இசையவில்லை. ஆகஸ்டு முதல் நாள் மனு தாக்கலாயிற்று.

இங்கே அமெரிக்கச் சட்டத்தைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். திவால் சட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயம் நகரங்களுக்கென்றே அமைந்தது. 1930-களின் பெருமந்தத்தில் நகரங்கள் பல தவணை தவறியபோது, 1934-இல் இதை முதலில் இயற்றினார்கள். மாநில உரிமையில் மத்திய அரசு தலையிடுகிறது என்று 1936-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 1937-இல் திருத்தி மீண்டும் இயற்றியதை 1938-இல் ஏற்றுக்கொண்டது. இச்சட்டப்படி கடன்காரர்கள் ஒரு நகரத்தைத் திவாலுக்கு இழுக்க முடியாது. மாநிலத்தின் அனுமதியோடு நகரம் தானே விரும்பி வர வேண்டும். நகரத்தின் சொத்தை விற்குமாறு நீதிபதி ஆணையிட முடியாது. வரியை ஏற்று என்றும் சொல்ல முடியாது. ஆகவே அமீனா தெருவிளக்கைக் கழற்ற வர மாட்டார். பழைய ஒப்பந்தங்களை முறித்துப் புதிதாக எழுதிக்கொள்ள நகரத்துக்கு ஒரு வாய்ப்பு, அவ்வளவே. நம் நாட்டில் நகராட்சிகளுக்கென இத்தகைய திவால் சட்டம் இல்லை. மாநில அரசின் இசைவின்றி நகராட்சி கடன் வாங்கவும் இயலாது. அகமதாபாத் மாநகராட்சி 1998-இல் மாநில அரசின் உத்தரவாதம் இன்றியே கடன் பத்திரம் வெளியிட்டது ஒரு புதுமையாகப் பேசப்பட்டது இதனால்தான். நம் நகராட்சிகளின் தள்ளாட்டம் நீதிமன்றத்துக்குப் போகாமல், பாக்கியாகவும் தாமதமாகவும் பழுதுபார்க்காத சாலையாகவும் வெளிப்படுகிறது.

சென்ட்ரல் ஃபால்ஸ் மனுச் செய்வதற்குச் சற்று முன், அதே 2011 ஜூலையில், ரோட் ஐலண்டு சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. எந்த நகரமும் நொடித்தால், அதன் கடன் பத்திரங்களை வாங்கியிருப்பவர்களுக்கு நகரத்தின் வரி வருவாயில் முதல் உரிமை உண்டு என்பது அதன் சாரம். அதாவது பந்தியில் முதல் இலை பத்திரக்காரருக்கு; மற்றவர்களுக்கு மிஞ்சினால்.

இதற்கு அரசு தரப்பில் கூறிய காரணம் அற்பமானதன்று. ஒரு சிறு நகரம் பத்திரக்காரர்களை ஏமாற்றினால், அம்மாநிலத்தின் மற்ற நகரங்கள் எல்லாவற்றையும் சந்தை சந்தேகக் கண்கொண்டு பார்க்கும். வட்டி ஏறும். பாலம் கட்டவும் பள்ளி கட்டவும் எல்லா ஊர் மக்களும் கூடுதல் வரி கட்ட நேரும். மறுதரப்பின் வாதத்துக்கும் வலிமை உண்டு. பத்திரம் வாங்கியவர் ஆபத்துக்கு ஈடாக வட்டி பெற்றவர். ஒரு பத்திரம் போனால் அவரிடம் வேறு பத்திரங்கள் இருக்கும். இருபது ஆண்டு தீயில் இறங்கிய வீரருக்கு இருப்பது ஒரே ஓய்வூதியம். முதுமையில் போய் வேறு வேலை தேட அவரால் முடியாது. எனக்கு இரண்டாவது வாதமே நியாயமாகத் தோன்றுகிறது. ஆயினும் முதல் வாதத்தைச் சொன்னவர்களைக் கல்நெஞ்சர் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அந்தக் கூடுதல் வட்டியைக் கட்ட வேண்டியவர்களும் ஏழைகள்தாமே.

வழக்கு நீண்டகாலம் இழுக்கவில்லை. ஓய்வூதியர்கள் உடன்பாட்டுக்கு வந்தனர். சிலருக்கு ஓய்வூதியம் 55 விழுக்காடு வரை குறைந்தது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அது பழைய தொகையில் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகாதபடி மாநில அரசு ஈடு செய்ய முன்வந்தது. சொத்து வரி ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 4 விழுக்காடு ஏறும் என்று திட்டமிட்டார்கள். கூட்டிப் பார்த்தால் ஐந்தாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 22 விழுக்காடு உயர்வு. பணியில் இருந்த ஊழியர்களின் ஒப்பந்தங்களும் திருத்தப்பட்டன. பத்திரக்காரர்களுக்கு ஒரு டாலரும் குறையவில்லை. 2012 செப்டம்பரில் நீதிபதி பிராங்க் பெய்லி திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். பதின்மூன்று மாதங்களில் நகரம் திவாலிலிருந்து வெளியே வந்துவிட்டது.

எல்லா நகரங்களிலும் இப்படித்தான் நடந்தது என்று எண்ணிவிடலாகாது. கலிபோர்னியாவின் வலேஹோ 2008-இல் திவால் மனுக் கொடுத்தது. அங்கே ஓய்வூதியத்தைத் தொடவில்லை. ஓய்வு பெற்றவர்களின் மருத்துவ வசதியையும் பத்திரக்காரரின் பங்கையும் வெட்டினார்கள். சுமார் 1,800 கோடி டாலர் கடனுடன் 2013-இல் விழுந்த டெட்ராயிட் மாநகரில் பொதுப்பணி ஓய்வூதியர்களின் அடிப்படைத் தொகை 4.5 விழுக்காடு குறைந்தது. அறக்கட்டளைகளும் மாநில அரசும் பணம் திரட்டி, நகரத்தின் கலைக்கூடத்து ஓவியங்களை விற்காமல் காத்து, ஓய்வூதியர்களையும் ஓரளவு காத்தன. சென்ட்ரல் ஃபால்ஸ் நகருக்கு விற்பதற்கு ஓவியம் இல்லை. காப்பாற்ற அறக்கட்டளையும் வரவில்லை. பெரிய ஊர் விழுந்தால் தாங்கப் பல கைகள் நீளும் போலும்!

அந்நகரின் மேயராயிருந்த சார்லஸ் மொரோ 2012-இல் பதவி விலகினார். பறிமுதலான காலி வீடுகளுக்குப் பலகை அடித்து மூடும் வேலையைத் தம் நண்பருக்குக் கொடுத்து அவரிடமிருந்து ஆதாயம் பெற்றார் என்ற வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஊர் கெட்டதற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்ல எளிதாக இருக்கும். ஆனால் பலகை அடித்த கூலியில் எவ்வளவு சுரண்டினாலும் 8 கோடி டாலர் ஆகாது. அந்தத் தொகை நேர்மையான மேயர்கள் காலத்திலும், முறையாகத் தணிக்கை செய்த ஆண்டுகளிலும், கைதட்டலோடு நிறைவேறிய ஒப்பந்தங்களிலும் சேர்ந்தது.

இந்நகரத்தின் வீழ்ச்சி கண்டு மாநிலமே விழித்துக்கொண்டது. 2011 நவம்பரில், அப்போது மாநிலப் பொருளாளராக இருந்தவரும் பின்னர் ஆளுநரானவருமான ஜீனா ரைமாண்டோவின் முயற்சியால், மாநில ஊழியர்களின் ஓய்வூதிய முறையே மாற்றப்பட்டது. விலைவாசிக்கேற்ப ஓய்வூதியம் உயர்வது நிறுத்தி வைக்கப்பட்டது. சென்ட்ரல் ஃபால்ஸ் மக்கள் 2012 டிசம்பரில் கொலம்பியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த ஜேம்ஸ் டியோசா என்ற 27 வயது இளைஞரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். நகரம் ஐந்தாண்டுத் திட்டத்தைக் கடைப்பிடித்தது. மக்கள் ஊரை விட்டு ஓடிவிடவில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தொகை 22,583 ஆக உயர்ந்திருந்தது. 2022 நவம்பரில் டியோசா மாநிலப் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மாநில ஊழியர்களின் ஓய்வூதிய வாரியத்துக்குத் தலைமை தாங்குவது அப்பதவியில் இருப்பவரின் கடமைகளுள் ஒன்று.